முதுகுப் பக்கத்து ஸிப்

எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற ஆண்கள் ஜெக்கட்டை முன்பின்னாகத்தான் மாட்டுவார்கள். முதுகுத் துண்டு நெஞ்சுக்கு வரும், ஸிப் முதுகுக்குப் போகும். பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகிற ரோட்டில் ஒரு நாளாவது சோளகக் காற்றில் ஓடியவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு, நடுவில் இந்த ஒடுங்கிய தரை. காற்றுப் பிடித்தால் மணலும் உப்பும் சேர்ந்து வந்து நெஞ்சில் அடிக்கும். ஜெக்கட்டை மாற்றிப் போட்டால் ஸிப்பின் இடுக்குக்குள்ளால் காற்று நுழையாது, சட்டையும் ஊத்தையாகாது. கடைவாசலில் இறங்கியதும் யாராவது ஸிப்பைத் திறந்துவிட, இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டி உருவிவிட்டால் வேலை முடிந்தது.

ஆனால் முதுகில் இருக்கிற ஸிப்பைத் தானே இழுக்க எந்த மனுசனுக்கும் கை எட்டாது. அதனால் காலையில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு ஆம்பிளைகள் வாசல் கேட்டடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். பெண்கள் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸிப்பை இழுத்துவிட்டுப் போவார்கள். புதிதாகக் கலியாணம் முடித்த வீடுகளில் அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். அதைப் பார்த்துச் சிரிக்கவும் ஒழுங்கையில் ஆள் இருக்கும்.

நான் வண்ணாத்திவில்லுக்காரி. எங்கள் பக்கம் புழுதி உண்டு, இந்தக் காற்று இல்லை. கலியாணம் முடித்துக் குறிஞ்சிப்பிட்டிக்கு வந்த முதல் கிழமையில் என் கணவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபோது, சொறிந்துவிடச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்போது அவர் போட்டது சந்தையில் வாங்கிய மெல்லிய நைலோன் ஜெக்கட். அதை எந்தப் பக்கம் போட்டாலும் ஒன்றுதான். நானும் மற்றப் பெண்களைப் போல இழுத்துவிட்டேன். அவர் புத்தளம் டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்தார். ஒவ்வொரு நாளும் அந்த ரோட்டில்தான் போய் வந்தார்.

என் புத்தியைத் திருப்பியது நான் விழுந்த விழுகை. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன், ஸ்கூட்டியில் போய் வருவேன். ஒரு நாள் மாம்புரிக்குக் கிட்ட என் அபாயாவின் கரை பின்சில்லுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. பின்னால் நின்று யாரோ பிடித்து இழுத்தது போல இருந்தது. அடுத்தது தரை. தலை ரோட்டோரத்தில் அடித்த சத்தத்தை ஹெல்மெட்டுக்குள் இருந்து கேட்டேன், தேங்காய் விழுகிற சத்தம். காலில் இருந்தது ரப்பர் செருப்பு. அது எங்கேயோ பறந்தது, கால் நகம் இரண்டும் அதோடு போயின.

வீட்டுக்கு வந்து காலுக்கு மருந்து கட்டியபின் அந்த ஹெல்மெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளியே ஒரு கீறல் மட்டும்தான். உள்ளே இருந்த வெள்ளை ஃபோம் ஓரத்திலிருந்து உச்சிவரைக்கும் வெடித்திருந்தது. என் மண்டைக்கு வரவேண்டிய அடியை அது வாங்கிக்கொண்டு உடைந்திருக்கிறது, இன்னொரு அடி வாங்க அதனால் இயலாது. இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வார்களை வெட்டிவிட்டு ஹெல்மெட்டைக் கோழிக்கூட்டுக்குள் வைத்தேன். ஒரு கோழிக்கு அது நன்றாகப் பிடித்துப் போனது, இன்றைக்கும் அதற்குள்தான் முட்டை இடுகிறது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கதைதான் சொன்னார்கள், பொம்புளைக்கு எதுக்கு ஸ்கூட்டி என்று. அபாயா எப்படிச் சில்லுக்குள் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதை நானே என்னிடம் கேட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து அபாயாவை மடித்து இடுப்போரம் கிளிப் போட்டுக்கொண்டுதான் ஏறுவேன். காலில் சப்பாத்து. விழுந்தால் உடம்பில் எது முதலில் தரையைத் தொடும் என்று யோசிக்கிற பழக்கமும் அன்றைக்கு வந்ததுதான். உள்ளங்கை, முழங்கை, முழங்கால், தோள். யோசித்துப் பார்த்தால் என் கணவருக்கு அந்த இடங்களில் இருந்தது ஒரு சுற்று நைலோன் மட்டுமே.

கட்டாரில் வேலை செய்கிற என் தம்பியிடம் சொன்னேன். அவன் லீவில் வரும்போது ஒரு ஜெக்கட் கொண்டு வந்தான். கறுப்பு, கையில் தூக்கினால் பாரம் தெரியும். தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் உள்ளுக்குள் பேட் வைத்துத் தைத்திருந்தது. கிரிக்கெட்காரன் காலில் கட்டுகிற மாதிரி கெட்டியான பேட். துணியும் லேசில் கிழியாத துணி. என் கணவர் அதைப் போட்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன் நின்று அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பினார். சந்தோசமாக இருந்தது எனக்கு. அடுத்த நாள் காலை கேட்டடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். ஜெக்கட் முன்பின்னாக.

"இது அப்பிடிப் போடுறதில்ல. கழட்டி ஒழுங்காப் போடுங்க," என்றேன்.

"காத்து முன்னுக்கல்லா வருது. முதுகாலயா வருது?"

"காத்துக்கு வாங்கினதில்ல இது. விழுந்தா முழங்கை அடிபடாம இருக்கத்தான் இந்த பேட். நீங்க மாத்திப் போட்டா அது கை மடங்குற பக்கத்துக்கு வந்துடுது. முட்டில ஒண்டும் இல்ல. தொட்டுப் பாருங்க."

"ஏன் விழணும்? காலங்காத்தால நல்ல வார்த்த ஒண்டு வராதா உன்ட வாயில?"

அதற்கு மேல் கதைக்கவிடவில்லை. ஸிப்பை இழு என்றார். நான் இழுக்கவில்லை. ஒழுங்காகப் போட்டால் ஸிப்பை உங்கள் கையாலேயே போடலாம், மாற்றிப் போடுவதற்கு நான் உதவி செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பிடிவாதம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவருக்கும் அது குறைவில்லை. எங்கள் வளவுக்குள்ளேயே மற்ற வீட்டில் மாமி இருந்தார், கணவரின் உம்மா. இவர் அங்கே போய் முதுகைக் காட்டுவார். மாமி இழுத்துவிடுவார். இழுக்கும்போது எனக்குக் கேட்கிற மாதிரி ஒரு பெருமூச்சும் விடுவார்.

என் கணவர் விழுந்த அன்று மாமி தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

காலை நேரம். நல்ல காற்று. மாம்புரியைத் தாண்டவில்லை. முன்னால் போன லொறி சடாரென்று வலப்பக்கம் விலகியிருக்கிறது, விலகிய இடத்தில் ஒரு கழுதை. எங்கள் பக்கத்துக் கழுதைகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அவைக்குச் சொந்தக்காரரும் இல்லை, பயமும் இல்லை. ஹோன் அடித்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. இவர் பிரேக்கைப் பிடித்தார், மணலில் சில்லு வழுக்கியது, வலப்பக்கமாக விழுந்து இழுபட்டுக்கொண்டு போனார். கழுதை அசையவேயில்லையாம். வெங்காயத் தோட்டத்தில் நின்றவர்கள் ஓடி வந்து தூக்கியிருக்கிறார்கள்.

ஹெல்மெட்டின் வாரை அவர் பூட்டியிருந்தார். நான் விழுந்ததிலிருந்து அந்த ஒரு விசயத்தில் மட்டும் என் சொல்லைக் கேட்டார். அதனால்தான் உயிரோடு இருக்கிறார். இதை நான் எங்கே வேண்டுமென்றாலும் நின்று சொல்வேன்.

ஆஸ்பத்திரியில் ஜெக்கட்டை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டுத் தந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை வெளியே எடுத்து மேசையில் விரித்தேன். தோள் பேட் தன் வேலையைச் செய்திருந்தது. மேல் துணி உராய்ந்து வெளுத்திருந்தாலும் ஓட்டையில்லை, அவருடைய தோளிலும் ஒரு சிராய்ப்புத்தான். எப்படிப் போட்டாலும் தோள் தோள்தானே. முதுகுக்கென்று வைத்த பெரிய பேட் அவருடைய நெஞ்சில் கிடந்தது. அதில் தூசிகூட இல்லை. ஸிப் திறந்து கிடந்ததால் இழுபட்டபோது ஜெக்கட் சுருண்டு கழுத்துப் பக்கம் ஏறியிருக்கிறது. இடுப்பிலிருந்து மேல் முதுகில் தோல் இல்லை.

வலது கையைக் கடைசியாகத்தான் பார்த்தேன். முழங்கை முட்டு படுகிற இடத்தில் துணி தேய்ந்து வட்டமாக ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டைக்குள் சட்டைத் துணி காய்ந்து ஒட்டியிருந்தது. கையைத் திருப்பினேன். மற்றப் பக்கத்தில் பேட் இருந்தது. கடையில் வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே. அதை விரலால் அழுத்தினேன், உள்ளே போய் மெதுவாகத் திரும்பி எழும்பியது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வரவில்லை.

டொக்டர் சிங்களவர், எங்களுக்காகத் தமிழில் கதைத்தார். எலும்பு நொறுங்கிப் போய்விட்டது, தகடு வைத்திருக்கிறோம், கை முந்தி மாதிரி மடங்கும் என்று சொல்ல ஏலாது என்றார். பிறகு கேட்டார், "ஜெக்கட் ஒன்னும் போடல்லயா?"

"போட்டிருந்தார்," என்றேன். மாற்றிப் போட்டிருந்தார் என்பதும் வாய்வரைக்கும் வந்தது. பக்கத்தில் மாமி நின்றார். விழுங்கிக்கொண்டேன்.

அவர் வீட்டுக்கு வந்தபின் பிஸ்கட் பெட்டியும் தோடம்பழமுமாக ஊரே வந்து பார்த்தது. ஹயாத்து இருந்திருக்கு, ஆயுசு கெட்டி என்றார்கள். அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். அதை நானும் மறுக்கவில்லை. வெளிநாட்டு ஜெக்கட், எத்தனை பேர்ட கண்ணூறோ என்றாள் ஒருத்தி. எல்லாரும் தலையை ஆட்டினார்கள். மாமிதான் எல்லாவற்றையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார்.

"ஸிப்ப மட்டும் இழுத்து விட்டிருந்தா ஜெக்கட் பறந்திருக்காது. என்ட மகன்ட கை போயிருக்காது. நான் ஒரு நாள் வீட்டுல இல்ல. அவ்வளவுதான்."

என் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வந்திருந்த பெண்கள் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"முழங்கைய உடைச்சது ஸிப் இல்ல மாமி," என்றேன். ஜெக்கட்டைக் கொண்டு வந்து, பேட் எங்கே இருக்கிறது, ஓட்டை எங்கே இருக்கிறது என்று காட்டினேன். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுகிற மாதிரி மெதுவாகத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். எல்லாரும் நன்றாகப் பார்த்தார்கள். "மெய்தான் புள்ள, நல்ல கெட்டித் துணி," என்றாள் ஒருத்தி.

அந்த விபத்திலிருந்து எங்கள் ஒழுங்கை படித்த பாடம் அதுதான். இப்போது பெண்கள் முதுகு ஸிப்பை இழுத்த கையோடு விடுவதில்லை. கீழே பிடித்து ஒரு தரம் இழுத்துப் பார்க்கிறார்கள், நன்றாகப் பூட்டுப்பட்டிருக்கிறதா என்று. பிழையான விடையை இவ்வளவு அழகான கையெழுத்தில் எழுதிய பிள்ளைகளை நான் வகுப்பில்கூடக் கண்டதில்லை.

என் கணவரின் வலது கை நீட்டினபடியே நின்றுவிட்டது. விரல்கள் எல்லாம் வேலை செய்யும், பிடிக்கும், தூக்கும். முழங்கைதான் மடங்காது. கொஞ்சம் வளையும், அவ்வளவுதான். கை வாய்க்கு வராது. இடது கையால் சாப்பிட அவர் சம்மதிக்கவில்லை. இயலாதவருக்கு அதில் குற்றமில்லை என்று மௌலவி வீட்டுக்கே வந்து சொன்னார். ஓம் ஹஸ்ரத் என்று இவர் தலையை ஆட்டினார். மௌலவி போனதும் பிளேட்டைத் தள்ளி வைத்தார். அதனால் நான் ஊட்டுகிறேன். காலையில் பள்ளிக்கூடம் போக முன்னும் இரவிலும் நான், பகலில் மாமி. கலியாண வீடுகளில் எங்கள் ஆட்கள் சஹனைச் சுற்றி இருந்து ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுவார்கள். அவர் இப்போது எந்தக் கலியாணத்துக்கும் போவதில்லை. சுகமில்லை என்று சொல்லச் சொல்லி என்னை அனுப்புவார்.

ஒரு தரம்கூட அவர் ஸிப்பைப் பற்றி என்னிடம் சொன்னதில்லை. மாமி சொல்லும்போது இல்லை என்றும் சொன்னதில்லை. வாயைத் திறப்பார், நான் ஊட்டுவேன், மெல்லுவார். ஜெக்கட்டை மாற்றிப் போட்டதுதான் காரணம் என்றால் அந்தக் கையை அவரே போக்கிக்கொண்டார் என்றாகும். ஸிப்தான் காரணம் என்றால் நான் போக்கினேன் என்றாகும். இரண்டில் எதைத் தெரிந்தெடுப்பது அவருக்கு லேசு என்று யாரும் எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஜெக்கட்டை எரித்துவிடலாம் என்று இரண்டு மூன்று தரம் சொன்னேன். உன்ட தம்பி ஆசையாக் கொண்டு வந்ததல்லா என்று தடுத்தார். அது அலுமாரிக்கு மேல் கிடந்தது.

ஹாட்வெயார் கடைக்காரர் நல்ல மனுசன். கொஞ்ச நாள் பார்த்தார். மூட்டை தூக்க, கம்பி வெட்ட, கணக்குப் பார்க்க, எல்லாவற்றுக்கும் மடங்குகிற கை வேண்டும். கடைசியில் அந்த வேலையை என் கணவரின் தம்பிக்குக் கொடுத்தார். கலியாணம் முடிக்காத பொடியன், மாமியோடு இருக்கிறான், அண்ணனை நானா என்று கூப்பிடுவான். நல்லவன்தான். வேலை கிடைத்த செய்தியோடு வீட்டுக்கு வந்து கதிரையின் நுனியில் இருந்துகொண்டு கேட்டான்.

"மதினி, அந்த ஜெக்கட் சும்மாதானே கிடக்கு. நான் போட்டுட்டுப் போகவா? நானாட உசிரக் காப்பாத்தினது. உம்மா சொன்னா அதுல பரக்கத் இருக்காம்."

கண்ணூறு பட்ட ஜெக்கட் எப்போது பரக்கத்துக்கு மாறியது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. "தாறன் தம்பி. ஆனா ஒழுங்காப் போடுவியா?" என்றேன்.

"போடுவன் மதினி," என்றான் உடனே. அந்த உடனேயிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

அவன் போனபின் என் கணவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். வேலை போன நாளிலிருந்து அவர் அதிகம் கதைப்பதில்லை.

"நான் சொன்னா அவன் கேக்க மாட்டான்," என்றேன். "நான் ஸிப் இழுக்காதவ. நீங்க சொன்னா கேப்பான். உங்கட கையக் காட்டி ஒரே ஒரு தரம் சொல்லுங்க, மாத்திப் போடாதடா எண்டு. எனக்காக வேணாம். அவன்ட கைக்காகச் சொல்லுங்க. அவனும் இப்பிடி இருந்து ஆரிட கையாலயும் திங்கணுமா?"

அவர் கையைப் பார்த்தார். "சொல்றன்," என்றார்.

நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது. இத்தனை மாதத்தில் அந்த விபத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல சொல் அதுதான். அன்றைக்கு மட்டும் கோழிக்கறி வைத்தேன். எலும்பு எல்லாம் எடுத்துவிட்டு ஊட்டினேன்.

கணவரின் தம்பி வேலைக்குப் போகிற முதல் நாள். நான் பள்ளிக்கூடத்துக்கு உடுத்துக்கொண்டு, குசினியில் அவருக்கு ஊட்டப் பாணைச் சம்பலோடு பிளேட்டில் எடுத்துக்கொண்டு நின்றேன். வெளியே மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. ஜன்னலால் பார்த்தேன்.

தம்பி கேட்டடியில் நிற்கிறான். ஜெக்கட் முன்பின்னாக. வலது முழங்கை முட்டில் இருந்த ஓட்டைக்கு மாமி கறுப்புத் துணி வைத்துத் தைத்திருந்தார், நல்ல சின்னத் தையல். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரையோ தேடிப் பார்க்கிறான். மாமி ஸிப்பை இழுத்துப் பார்த்தார், விபத்தில் இழுபட்டு ஸிப் இறுகியிருந்தது, அவருடைய விரலுக்கு இயலவில்லை. "இது ஏறுதில்லயே மகன்," என்கிறார்.

என் கணவர் வாசலில் இருந்து இறங்கி அவர்களிடம் போனார். சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பிளேட்டை வைத்துவிட்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் தம்பிக்குப் பின்னால் போய் நின்றார். பின்னால் நின்று ஸிப் பூட்டுவதற்குக் கை நீட்டியபடி இருப்பது நல்ல வசதி. அந்த வலது கை நேராக, ஒரு வளைவும் இல்லாமல் போய் ஜெக்கட்டின் கீழ்க்கரையை இறுக்கிப் பிடித்தது. இடது கையால் ஸிப்பை மேலே இழுத்தார், கழுத்துவரைக்கும். பிறகு ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.

"இப்ப சரி. இனிப் பறக்காது. பார்த்துப் போ."

மோட்டார் சைக்கிள் ஒழுங்கையால் திரும்பிப் போனது. மாமி கையைத் தூக்கித் துஆக் கேட்டார். என் கணவர் உள்ளே வந்து மேசையடிக் கதிரையில் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் பாணில் ஒரு துண்டைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு எடுத்தேன். அவர் வாயைத் திறந்தார்.

பாண் துண்டு என் கையிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. அவர் வாயைத் திறந்தபடியே காத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. ஊட்டினேன்.